பிரமாணம்

'அளத்தல்' என்று பொருள்படும் 'மா' எனும் வடமொழி வேரிலிருந்து வந்தது; முதற்பொருள் அளவுகோல், சான்று. ஆணையிடுதல் என்ற பொருளும் இதற்கு உண்டு; அதற்குத் தமிழின் பழஞ்சொல் 'சூள்'.

ஆந்திராவின் காணிப்பாக்கத்தில் கோயில் குளத்தில் முழுகி வரசித்தி விநாயகர் முன் செய்வது பிரமாணம். ஊழல் புகார் எழுந்தால் ஆந்திர அரசியல்வாதிகள் 'காணிப்பாக்கம் வா' என்று சவால் விடுவார்கள். வருவது வேறு கதை. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கோ மோசேயின் சட்டம் நியாயப்பிரமாணம், சபையின் நம்பிக்கை அறிக்கை விசுவாசப் பிரமாணம். ஆனால் மலைப்பிரசங்கத்தில் இயேசு சத்தியமே செய்யாதே என்கிறார். அதை எழுத்துப்படியே பின்பற்றிய குவேக்கர், மென்னோனைட் எனும் கிறிஸ்தவப் பிரிவினர் நீதிமன்றத்திலும் ஆணையிட மறுத்தனர். இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை பதவியேற்போருக்கு இரு வழியும் தருகிறது: கடவுள் பெயரால் ஆணை, அல்லது வெறும் உறுதிமொழி. 2019 மே 30இல் ஆந்திர முதல்வரான கிறிஸ்தவர் ஜெகன்மோகன் ரெட்டி கடவுள் பெயராலேயே பிரமாணம் எடுத்தார்.