கறுப்பினப் பெண் ஆளுமைகளின் இந்தியப் பயணங்கள் (1928–1959): சூ பெய்லி தர்மனை முன்வைத்து

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திற்கும் காந்தியத்திற்கும் இடையிலான உறவை ஆராய்வோர், 1936 பிப்ரவரி 21ஆம் நாள் பர்தோலியில் நிகழ்ந்த சந்திப்பைத் தவறாது குறிப்பிடுவர். ஹோவர்ட் தர்மன் காந்தியைச் சந்தித்த நிகழ்வு என்றே அது வழங்கப்பெறுகிறது. இப்பெயர் வழக்கு அச்சந்திப்பின் ஒரு பாதியை மறைத்துவிடுகிறது. இந்தியா, பர்மா, இலங்கை மாணவர் கிறித்தவ இயக்கத்தின் அழைப்பில் 1935 அக்டோபரில் கொழும்பு வந்திறங்கிய அத்தூதுக்குழுவினர் நால்வர். அவருள் சூ பெய்லி தர்மன், ஃபெனோலா கேரல் ஆகிய இருவரும் பெண்கள். கணவருடன் வந்த துணைவியர் என்ற அளவிலேயே பிற்கால எழுத்துகள் பலவும் இவர்களைக் கடந்து செல்கின்றன.

சூ பெய்லி 1903இல் ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் நகரில் பிறந்தவர், ஓபர்லின் கல்லூரியில் 1926இல் பட்டம் பெற்றவர், இசை கற்றவர். திருமணத்திற்கு முன்பே இளம்பெண்கள் கிறித்தவச் சங்கத்தின் செயலராகக் கல்லூரிதோறும் சென்று பணியாற்றியவர். எனவே இந்திய மேடைகளில் கறுப்பினப் பெண்களின் வரலாற்றையும் இசை மரபையும் பற்றி அவர் ஆற்றிய உரைகளை அவரது சொந்தப் புலமையின் பயனாகவே கொள்ளுதல் தகும்.

பர்தோலி உரையாடலை மகாதேவ தேசாய் குறித்துவைத்தார். 1936 மார்ச் 14ஆம் நாளிட்ட ‘ஹரிஜன்’ இதழில் அது வெளியாயிற்று. அகிம்சையின் தத்துவம் குறித்துப் பேச்சு சென்றுகொண்டிருந்தபோது அதனை நடைமுறைக்கு இழுத்து வந்தவர் சூ பெய்லியே. தம் உடன்பிறந்தான் தம் கண்முன்னே கும்பலால் கொல்லப்படும் நிலையில் தாம் செய்யத்தக்கது யாது என அவர் வினவினார். கும்பற்கொலை அன்றைய அமெரிக்கத் தென்மாநிலங்களில் நாளிதழ்ச் செய்தி. அவ்வினாவில் கற்பனை ஏதுமில்லை. கொலை புரிந்த சமூகத்துடன் எவ்வகையிலும் ஒத்துழையாமை, தேவையெனில் தன்னையே அழித்துக்கொள்ளும் தியாகம் என்பதே காந்தியின் விடை. அவ்விடை கேட்டவர்க்கு ஆறுதல் தந்திருக்கும் எனக் கருத இயலாது. அமெரிக்காவிற்கு வருமாறு காந்தியை அழைத்தவரும், அவர் விருப்பத்திற்கிணங்க அடிமைக்கால ஆன்மிகப் பாடல்களைப் பாடியவரும் சூ பெய்லியே. இத்தனையும் மூல ஆவணத்திலேயே உள்ளன.

இவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பின் கூட்டத்திற்காக 1928 டிசம்பரில் மைசூர் வந்த ஜூலியட் டெரிகாட், தம் பட்டறிவை 1929இல் ‘தி கிரைசிஸ்’ இதழில் எழுதினார். 1931 நவம்பரில் ஜார்ஜியாவில் நேர்ந்த வாகன விபத்தில் அவர் படுகாயமுற்றார். அருகிலிருந்த வெள்ளையர் மருத்துவமனையில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. மறுநாள் அவர் இறந்தார். மைசூரில் உலக நாடுகளின் மாணவரோடு சமமாக அமர்ந்தவருக்குத் தாய்நாட்டில் ஒரு படுக்கை கிடைக்கவில்லை. நாடு திரும்பிய சூ பெய்லி, கறுப்பின மாணவியர் இந்தியா வந்து பயில டெரிகாட்டின் பெயரில் உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார். பின்னர் 1940இல் தேசிய நீக்ரோ மகளிர் மன்றத்தின் இதழுக்கு முதல் ஆசிரியரானார்.

தமிழகத்தோடு நேரடித் தொடர்புடைய நிகழ்வு 1959இல் அமைந்தது. காந்தி நினைவு நிதியின் அழைப்பில் வந்த மார்ட்டின் லூதர் கிங் இணையர் சென்னைக்கும் காந்திகிராமத்திற்கும் வந்தனர். நிதியின் செயலர் ஜி. இராமச்சந்திரன், அவரும் மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் 1947இல் நிறுவியதே காந்திகிராமம். இப்பயணத்தில் தாம் உரையாற்றிய அளவிற்குத் தம் துணைவியும் பாட நேர்ந்தது எனக் கிங்கே எழுதியுள்ளார். கொரெட்டா பாஸ்டனில் முறையாக இசை பயின்றவர். அவர் பாடியவையும் சூ பெய்லி பாடிய அதே ஆன்மிகப் பாடல் மரபைச் சேர்ந்தவை. எனினும் கிங்கின் உரைகள் தொகுக்கப்பட்ட அளவிற்குக் கொரெட்டாவின் பாடல்கள் பதிவுபெறவில்லை. தமிழ் நாளிதழ்களின் 1959 பிப்ரவரி இதழ்களையும் காந்திகிராம ஆவணங்களையும் இந்நோக்கில் மீண்டும் புரட்டுதல் வேண்டும்.