திருவழிபாட்டில் நமது இடம்: ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் பள்ளியைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் ஞாயிறு வழிபாடு. கல்விக் கழகத்துக்கும் கோயில் பூசைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நம் மக்களுள் கிறித்தவ மறையைத் தழுவிய குடும்பங்களும் உண்டு. அக்குடும்பங்களின் மூத்தோர் ஞாயிறுதோறும் தவறாது கோயிலுக்குச் செல்கின்றனர். இளைஞர் பலரோ வாசற்படி வரை வந்து, பூசை முடியுமுன் திரும்பிவிடுகின்றனர். "அங்கே நமக்கென்று என்ன இருக்கிறது?" என்பது அவர்தம் கேள்வி. இதனை அவமதிப்பு என்று ஒதுக்கிவிடலாகாது. நம் முன்னோரும் இதே கேள்வியைக் கேட்டவர்களே.

புதுவை மண்ணில் அக்கேள்வி மிகப் பழமையானது. நோயுற்றுக் கிடக்கும் ஒடுக்கப்பட்ட மக்களின் இல்லங்களுக்குள் குருக்கள் நுழையாதிருந்த காலம் ஒன்று இருந்தது. திருத்தந்தையின் தூதராகப் புதுவைக்கு வந்த தூர்னோன், 1704 சூன் 23 நாளிட்ட தமது ஆணையில் அவ்வழக்கத்தைக் கண்டித்தார். ஆணை பிறந்தது, வழக்கம் உடனே மாறிவிடவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1745 அக்டோபரில் நிகழ்ந்த ஒரு செய்தியைத் தருகின்றது. புதுவையில் இயேசு சபையாரின் தேவாலயத்தினுள் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் நம் முன்னோர். மறுபுறம் மற்றைச் சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும். நம் முன்னோர் குருக்களை அணுகி, தங்களையும் ஏனையோரைப் போலவே நடத்த வேண்டும் என முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. உயர்சாதியார் அதனை எதிர்த்தனர் என்பதும் நாட்குறிப்பால் விளங்குகின்றது. இன்றைக்கு ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்னரே வழிபாட்டில் சம இடம் வேண்டும் என்று வாய்திறந்து கேட்டவர்கள் நம்மவர்கள் என்பதை இளைஞர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இடத்துக்கு அடுத்தது மொழி. குருவானவர் பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் பூசை நிறைவேற்றுவார். மக்கள் அவ்வேளையில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பர். பிரசங்கம் ஒன்றே தமிழில் கேட்கும். குருவானவர் எப்போதோ வந்துபோகும் சிற்றூர்களில் உபதேசியார் தமிழில் செபம் சொல்லிக்கொடுப்பார். மக்களின் நெஞ்சில் நின்றது அந்தத் தமிழ்ச் செபமே.

இந்நிலையை மாற்றியது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாடு பற்றிய அதன் ஏடு 2,147 வாக்குகள் ஆதரவாகவும் 4 எதிராகவும் பெற்று நிறைவேறியது. மக்கள் பார்வையாளராய் இராமல், பொருள் உணர்ந்து முழுமையாய்ப் பங்கேற்க வேண்டும் என்பது அதன் சாரம். தாய்மொழி பீடம் ஏறியது. குருவானவர் மக்களை நோக்கித் திரும்பினார்.

இந்திய மரபுக்கேற்ப வழிபாட்டை அமைக்கும் பணியில் முன்னின்றவர் நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் குருவாகிய அமலோர்பவதாஸ் அடிகள். 1967-இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுவத்தை நிறுவியவர் அவர். 1969-இல் உரோமை இசைந்த பன்னிரண்டு மாற்றங்களுள் குத்துவிளக்கும், ஆரத்தியும், கைகூப்பி வணங்குதலும் இடம்பெற்றன. அடிகளாரின் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் அப்பட்டியலில் சேரியின் பறை இல்லை. வயலில் நாற்று நடும் பெண்ணின் பாட்டு இல்லை. இந்திய மரபு என்று கொள்ளப்பட்டது பெரும்பாலும் மேல்தட்டாரின் மரபே என்று தலித் சிந்தனையாளர் பின்னர் எழுப்பிய கண்டனம் நியாயமானதே.

அக்குறையை நீக்க முயன்றவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு ஐயர். 'பரட்டை' என்னும் பெயரால் அறியப்பட்ட அவர், சிற்றூர் மக்களின் மெட்டிலும் பேச்சிலும் கிராமிய இசை வழிபாட்டை ஆக்கினார். அனைவரும் ஒரே உலையில் ஆக்கி உண்பதையே இறையாட்சியின் அடையாளமாகக் காட்டினார். பறையை இழிவின் சின்னமெனக் கருதி விலக்குவோர் இன்றும் நம்மிடையே உளர். விடுதலையின் குரலெனக் கையில் எடுப்போரும் உளர். எவரையும் கட்டாயப்படுத்தாமல், அதனை நாமே கூடிப் பேசி முடிவு செய்வதே முறை.

பழைய சுவர் முற்றும் வீழ்ந்துவிட்டதா? நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்கள் தமக்கெனத் தனிப்பங்கு கோரினர். அதனை ஒட்டி 2008 மார்ச் 9-ஆம் நாள் எழுந்த கலவரத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். மாண்டவர் எச்சாதியாராயினும் துயரம் ஒன்றே. சாதி வேற்றுமை திருச்சபைக்குள் நிலவுவதை இந்திய ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட கொள்கை ஏட்டில் ஒப்புக்கொண்டது. அருகருகே அமரவும் ஒரே வழியில் இறுதி ஊர்வலம் செல்லவும் இயலாத இடத்தில், எத்துணை இனிய பாடலும் பொருளற்றதே.

1877-இல் பிரான்சிலிருந்து வந்த அன்னையின் சுரூபம் வீற்றிருக்கும் வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தில், ஆண்டுத் திருவிழாவின்போது கூட்டம் அலைமோதுகின்றது. அக்கூட்டத்தைச் சேர்ப்பது விழாவின் சிறப்பு. ஞாயிறு வழிபாட்டுக்கு உயிரூட்டுவதோ பங்கேற்பு ஒன்றே. இங்கேதான் கல்விக் கழகம் தேவைப்படுகின்றது.

வாசகம் படிக்க எழுத்தறிவு வேண்டும். விசுவாசிகளின் மன்றாட்டை அச்சிட்ட தாளிலிருந்து ஒப்பிப்பதை விடுத்து, நம் பிள்ளைகளே எழுதலாம். பாகூர் ஏரியில் நீர் நிறைய வேண்டும் என்றும், 2020-இல் ஏ.எஃப்.டி. ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்த குடும்பங்கள் தழைக்க வேண்டும் என்றும், களையெடுக்கும் பெண்களுக்கு முறையான கூலி கிடைக்க வேண்டும் என்றும் எழுதினால், அன்றைய வழிபாடு நம் வழிபாடாகும். பூசைக்குப் பின் அரைமணி நேரம் அமர்ந்து, கேட்ட வாசகத்தை நம் வாழ்வோடு பொருத்திப் பேசலாம். பங்குப் பேரவையில் நம் இளைஞரும் பெண்களும் இடம் கேட்டுப் பெறலாம்.

இளைஞர்களே! இடத்தை நம் முன்னோர் கேட்டனர். மொழியைச் சங்கம் வழங்கியது. குரலை நாமே கொண்டுசெல்ல வேண்டும். வாசற்படியில் நின்று திரும்புவோர் எதையும் மாற்றியதில்லை. உள்ளே செல்வோம், படிப்போம், பாடுவோம், தவறு கண்டால் கேட்போம். 1745-இல் சுவரின் முன் நின்று கேட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம்.