மறந்த கருவியும் மறவாத கருவியும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாத இரவு. வால்பாறையை ஒட்டிய தேயிலைத் தோட்டமொன்றின் லைன் வீட்டில், ஒரு கைப்பேசியையும் ஒரு பலகைக் கணினியையும் பாயின்மேல் அருகருகே வைத்துக்கொண்டு நாங்கள் இருவர் அமர்ந்திருந்தோம். கைப்பேசி அவ்வீட்டு இளைஞருடையது. பலகைக் கணினி எங்களுடையது. கைப்பேசிக்குள் அவருடைய ஆச்சியின் குரல் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னால் தகப்பனார் தோளில் அமர்ந்து மலையேறி வந்தது, காய்ச்சலில் உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தது, கொழுந்துக் கூடையின் கனம் என்று ஆச்சி பேசியதைப் பேரன் பதிந்து வைத்திருந்தார். ஆச்சி அந்தத் தை மாதம் காலமாகிவிட்டார். பேரனோ மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் திருப்பூருக்கு வேலைக்குப் புறப்படுகிறார். கண்ணாடி உடைந்த அந்தக் கைப்பேசியை அங்கே போனதும் மாற்றிவிடப் போவதாகச் சொன்னார்.

இணையம் வழியாக அனுப்பலாமென்றால் அந்த வீட்டில் அதற்கான அலை எட்டவில்லை. மேட்டுக்குப் போனால் கிடைக்கும். ஆனால் அருகே யானைக்கூட்டம் நிற்பதாகக் குறுஞ்செய்தி வந்திருந்தது. அதை மீறி இரவில் வெளியே இறங்குவோர் அங்கே இல்லை. வால்பாறையில் யானையால் மாண்டவர்களில் பெரும்பாலோர் யானை அருகில் இருப்பதை அறியாமல் எதிர்ப்பட்டவர்களே. ஆகவேதான் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து யானை இருக்குமிடத்தைக் கேபிள் தொலைக்காட்சியிலும், பிறகு குறுஞ்செய்தியிலும், கைப்பேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளாலும் ஊராருக்கு அறிவிக்கும் முறையை உருவாக்கினர். 2015இல் அப்பணிக்கு விட்லி விருது கிடைத்தது. செய்தி போய்ச் சேர்வதன் அருமையை வால்பாறைக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பொருத்தமான கம்பியும் கைவசம் இல்லை. மிஞ்சியது ப்ளூடூத். முந்தைய பயணத்தில் இதே இரு கருவிகளும் இணங்கிப் படங்களைப் பரிமாறிக்கொண்டவைதாம். இப்போதோ கைப்பேசியில் எங்கள் கணினியின் பெயர் தெரிகிறது. தொட்டால் ஒரு கணம் சுழன்று, 'இணைக்க இயலவில்லை' என்கிறது. "மஞ்சு எறங்கிட்டா இப்படித்தாங்க சார், எதுவும் எடுக்காது" என்றார் இளைஞர்.

மஞ்சின்மேல் பழி போடுவதற்கு ஒரு முகாந்திரம் உண்டு. ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உணவு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அதையொட்டியே இயங்குகிறது. நீர் அந்த அலையை உறிஞ்சும் என்பதும் மெய்யே. ஆனால் ஒரு பாய் அகலத் தொலைவில் மூடுபனியிலுள்ள நீர் ஒரு பொருட்டே அன்று. இடையில் அமர்ந்திருக்கும் மனித உடல் அதைவிடப் பெரிய தடை. நாங்கள் எழுந்து விலகி அமர்ந்தும் பார்த்தோம். பயனில்லை.

இந்த அலைவரிசையின் கதை சுவையானது. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டு மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகள் இரைச்சலிட்டுக்கொள்ளட்டும் என்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அவற்றுள் ஒன்று. வானொலிக்காரர் கண்ணில் அது குப்பைமேடு. 1985இல் அமெரிக்க ஆணையம், அலையைப் பரப்பி அனுப்பும் கருவிகள் உரிமமின்றி அங்கே பேசிக்கொள்ளலாம் என்றது. இந்திய அரசு, 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை என்று விதி வகுத்தது 2005 ஜனவரியில்.

இரைச்சல் மிகுந்த இடத்தில் பேச வேண்டுமானால் ஓரிடத்தில் நில்லாமல் தாவிக்கொண்டே பேச வேண்டும். ப்ளூடூத் அந்தப் பட்டையை 79 தடங்களாகப் பிரித்து நொடிக்கு 1600 முறை தாவுகிறது. தாவும் உத்தியை நடிகை ஹெடி லாமர் கண்டுபிடித்தார் என்று எழுதாதவர் இல்லை. அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942இல் காப்புரிமை பெற்றது உண்மை. பியானோவின் கட்டைகளைப் போல் 88 அலைவரிசைகளை அவர்கள் கொண்டதும் உண்மை. ஆயினும் அலைதாவும் எண்ணம் அவர்களுக்கு முன்பும் பலருக்குத் தோன்றியிருந்தது. ப்ளூடூத்தை அமைத்தவர்கள் அவர்களிடமிருந்து அதைப் பெற்றதாகச் சொல்வதும் மிகை. எதையும் ஜகதீஷ் சந்திர போஸிடம் கொண்டுபோய் முடிக்கும் நம் பழக்கத்துக்கு இது அமெரிக்க மறுபதிப்பு போலும்.

மெய்யான தொடக்கம் சுவீடனின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில். 1994இல் அங்கே டச்சுப் பொறியாளர் யாப் ஹார்ட்சென் இறங்கிய வேலை எளிய நோக்கமுடையது: கைப்பேசிக்கும் காதணிக்கும் கணினிக்கும் இடையேயுள்ள கம்பியை அகற்றுவது. 1998இல் எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்தும் கூட்டமைப்பாயின. பெயர் வைத்தவர் இன்டெலின் ஜிம் கார்டாக். ஃபிரான்ஸ் பெங்ட்சனின் சுவீடிய வரலாற்று நாவலைப் படித்துக்கொண்டிருந்தவர், டென்மார்க்கை ஒன்றிணைத்த பத்தாம் நூற்றாண்டு மன்னர் 'நீலப்பல்' ஹரால்டின் பெயரைத் தற்காலிகமாகச் சூட்டினார். வேறு பெயர்கள் சரிப்படாமற் போகவே அதுவே நிலைத்தது. சின்னத்தில் காண்பது அம்மன்னரின் முதலெழுத்துகள் இரண்டின் ரூனிக் வடிவம். ஒற்றுமைக்கு அடையாளமாக எடுக்கப்பட்ட ஹரால்டு, சொந்த மகன் ஸ்வென் கிளர்ந்தெழ, நாடிழந்து மாண்டார் என்பதைப் பெயர் வைத்தவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1999இல் வெளியான முதல் வரையறை தடுமாறியது. ஒரே ஆவணத்தை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறாகப் படித்தன. ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு பேச மறுத்தது. எல்லோரும் தத்தம் கருவிகளைச் சுமந்துவந்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் சோதனைக் கூட்டங்களைக் கூட்டமைப்பு நடத்தலாயிற்று. 2001இன் 1.1 பதிப்பு பிழைகள் பலவற்றைக் களைந்தது.

எங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் காணலாம். கம்பி போய்விட்டால், எதிரே இருப்பவர் யாரென்று கருவி எப்படி அறியும்? அதற்காக வகுத்ததே 'இணைசேர்த்தல்'. முதற்சந்திப்பில் இரு கருவிகளும் 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு படியாகத் தம்முள் வைத்துக்கொள்கின்றன. தொடக்கத்தில் பயனர் அடித்த நான்கு எண்களிலிருந்தே அது பிறந்தது. பலரும் அடித்தது 0000 அல்லது 1234. வழிப்போக்கன் ஒட்டுக்கேட்டு ஊகிப்பது கடினமாக இல்லை. 2007இன் 2.1 பதிப்பு இதை மாற்றியது. இரு திரையிலும் தோன்றும் ஆறிலக்க எண் சாவியன்று. இடையில் மூன்றாமவர் நுழையவில்லை என்பதை மனிதக் கண் ஒத்துப்பார்க்கவே அது காட்டப்படுகிறது. நம்மில் எத்தனைபேர் பார்த்துவிட்டுச் 'சரி' தொடுகிறோம் என்பது வேறு.

சாவியின் இரு படிகளும் தனித்தனி. ஒரு பக்கம் அதை இழந்தால் மறுபக்கத்துக்குத் தகவல் போவதில்லை. அந்த ஆனியில் எங்கள் கணினி மந்தமாகிவிட்டதென்று அதை முழுவதும் அழித்துப் புதிதாக்கியிருந்தோம். அது கைப்பேசியை மறந்துவிட்டது. கைப்பேசி மறக்கவில்லை, பழைய சாவியை நீட்டிக்கொண்டே இருந்தது. கணினியில் மட்டும் புதிதாகத் தொடங்க முயன்றதெல்லாம் வீணானது அதனால்தான். சாவி பொருந்தாவிட்டால் பேசாமல் தானாகப் புதுச்சாவி செய்துகொள்ளலாமே எனத் தோன்றும். அப்படி விட்டால், எங்கள் கணினியின் பெயரைப் பூண்டு எந்தக் கருவியும் உள்ளே வந்துவிடும். அந்தப் பிடிவாதம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

இது விளங்க நள்ளிரவாகிவிட்டது. இளைஞரின் அனுமதியோடு கைப்பேசியின் பட்டியலில் எங்கள் கணினியின் பெயரை நீக்கினோம். இரண்டிலும் ப்ளூடூத்தை அணைத்து மீண்டும் எழுப்பினோம். கணினியைப் பிறர் கண்ணில் படும் நிலையில் வைத்தோம். அந்நிலை இரண்டொரு நிமிடமே நீடிக்கும் என்பதால் முதல்முறை தவறவிட்டோம். இரண்டாம் முறை ஆறு எண்கள் தோன்றின. இளைஞர் தம் திரையிலிருந்து உரக்கப் படித்தார், ஒத்திருந்தன.

கோப்பு ஏறத்தாழ 30 மெகாபைட். நிமிடக்கணக்கில் ஊர்ந்து வந்தது. வந்ததும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தோம். ஆச்சி பேச்சை இருமலோடு தொடங்கியிருந்தார். இளைஞர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். விடியற்காலையில், வழியில் யானை இல்லையென்று விசாரித்துக்கொண்டு, அவரைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டுவந்தோம். 22 நிமிடப் பேச்சு அது. எழுத்தில் பெயர்க்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. நான்கு இடங்களில் கூரைமேல் விழும் மழையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.