காளாஞ்சகப்படையில் மேல்மரபியல் மாற்றங்கள்

சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படையில், டி.என்.ஏ. வரிசை மாறாமலே நோயெதிர்ப்பு உயிரணுக்கள், தோல் உயிரணுக்கள் ஆகியவற்றின் மரபணுச் செயல்பாட்டைக் கூட்டியோ குறைத்தோ வைக்கும் மாற்றங்கள். டி.என்.ஏ.வில் மெத்தில் தொகுதி சேர்தல், ஹிஸ்டோன் புரத மாற்றங்கள், நுண் ஆர்.என்.ஏ.க்களின் கட்டுப்பாடு ஆகியன இவற்றின் வகைகள். நோயின் போக்கில் பெரும்பங்கு டி உயிரணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்கு உண்டு. படை மறைந்த தோலிலும் நினைவு டி உயிரணுக்கள் தங்கி, இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-22 ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கும் திறனை இத்தகைய மாற்றங்களின் வழியே தக்கவைக்கின்றன. சிகிச்சையை நிறுத்தியபின் படை பெரும்பாலும் பழைய இடத்திலேயே மீள்வதற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இந்த அழற்சி நினைவு நோயெதிர்ப்பு உயிரணுக்களோடு நிற்பதில்லை. எலியின் மேல்தோல் குருத்தணுக்களில், அழற்சி தணிந்தபின்னும் டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டினின் சில பகுதிகள் திறந்தே இருப்பதை ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஷ்ருதி நாயக், எலைன் ஃபுக்ஸ் குழுவினர் 2017இல் காட்டினர்.