கிடை நாயும் பந்தய நாயும்

சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் தன் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். கறுப்பும் வெள்ளையுமான ஒரு நாய் தடைக்கட்டைகளைத் தாண்டுகிறது, துணிக் குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது, நட்டு வைத்த 12 கம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடுகிறது. கூடவே ஓடும் எஜமானர் குரல் கொடுக்கலாம், கை காட்டலாம்; நாயைத் தொடக்கூடாது. கட்டை விழுந்தால் 5 பிழைப்புள்ளி.

"தாத்தா, நம்ம ராஜபாளையம் நாய் இதுல ஜெயிக்குமா?" என்று கேட்டான். உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதை வாசிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. முன்னால் ஆட்டு மந்தை, பின்னால் இடையன், பக்கவாட்டில் மந்தையை மடக்கும் நாய். 'ஷியான் த பெர்ழே', அதாவது இடையன் நாய் என்று எழுதியிருக்கும். நாய் என்றால் ஆடு மேய்க்கும் என்று நம்பியே வளர்ந்தேன்.

பிறகு வ. புதுப்பட்டிக்கு மாப்பிள்ளையாக வந்தேன். அறுவடை முடிந்ததும் மாமனார் வயலில் கிடை போட்டிருந்தார்கள். நாய்கள் வரப்பில் சுருண்டு படுத்திருந்தன. "உங்க நாய் ஆடு ஓட்டாதா?" என்று கீதாரியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஆட்டை ஓட்ட எங்க வாயி இருக்கு, கம்பு இருக்கு மாப்பிள்ள. நாய் ராத்திரிக்குல்ல!" என்றார்.

அந்த ஒரு பதிலில் எனக்கு விஷயம் விளங்கியது. நம் பக்கத்து இடையர் ஆட்டோடு ஆடாக நடப்பவர். அவர் குரலுக்கே மந்தை திரும்பும். இரவில் நரிக்கும் திருடனுக்கும் காவல் இருக்கத்தான் நாய். ஸ்காட்லாந்து, வேல்ஸ் மலைகளில் நிலைமை வேறு. அங்கே ஆடுகள் ஆளில்லாமல் மலையெங்கும் சிதறி மேயும். ஒரே ஆள் அவற்றைத் திரட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்குத் தொலைவிலிருந்து சீட்டி ஒலி கேட்டு, இடம் வலம் திரும்பி, முறைத்துப் பார்த்தே ஆட்டை நகர்த்தும் நாய் தேவைப்பட்டது. பேரன் காட்டிய பார்டர் காலி அந்த வழியில் வந்ததுதான்.

அந்த வேலையே பிறகு போட்டியானது. 1873 அக்டோபரில் வேல்ஸின் பாலா என்ற ஊரில் ஆடு மடக்கும் போட்டி ஒன்று நடந்தது. வேல்ஸில் குடியிருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் 'ட்வீட்' என்ற நாய் வென்றது. 1906இல் இதற்கென்று ஒரு சர்வதேசச் சங்கம் உண்டானது. அதன் பதிவேட்டில், வம்சாவளி இல்லாத நாயும் வேலையில் தேறினால் இடம் பெற வழி உண்டு. அழகுக் கண்காட்சி நடத்தும் பிரிட்டிஷ் கென்னல் கிளப் இந்த இனத்தை ஏற்றுக்கொண்டது 1976இல்தான். நூறு ஆண்டுகளுக்கு மேல் வேலையைப் பார்த்தே நாயைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பேரன் காட்டிய தடை தாண்டும் போட்டி அதற்கும் பின்னால் வந்தது. 1978இல் லண்டன் 'க்ரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் சலிக்காமல் இருக்க, குதிரைகளின் தடை தாண்டும் பந்தயத்தைப் பார்த்து ஏற்பாடு செய்த வேடிக்கை அது. சொன்னதைக் கேட்டு ஓடிப் பழகிய மேய்ப்பு நாய்களுக்கு அது தோதாக அமைந்தது.

நம் ராஜபாளையம் நாய்க்கும் வேலை இருந்தது. காட்டுப்பன்றி வேட்டை, தோட்டக் காவல், வீட்டுக் காவல். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; வேட்டை நின்றது. அதில் தவறில்லை. ஆனால் வேலை போனபின் நாயை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நிறத்தை வைத்து. அப்பழுக்கில்லாத வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, அதற்குத்தான் விலை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு ராஜபாளையமும் இடம்பெற்றது. எல்லோருக்கும் பெருமைதான்.

அந்தப் பெருமையில் நானும் ஓய்வு பெற்றபின் ஒரு குட்டி வாங்கினேன். பால் போல வெள்ளை. ஒரு மாதம் கழித்து அடுப்படியில் பித்தளைத் தாம்பாளம் விழுந்தது. வீட்டில் எல்லோரும் திடுக்கிட்டோம். குட்டி தூங்கிக்கொண்டே இருந்தது. பிறவிச் செவிடு என்றார் கால்நடை மருத்துவர். தோலுக்கு நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உள்காதிலும் வேண்டுமாம். அவை இல்லாமல் போனால் கேட்கும் திறன் போய்விடும். வெள்ளை நாய்கள் எல்லாம் செவிடு அல்ல. ஆனால் வெள்ளையை மட்டுமே பார்த்து இணை சேர்த்தால் இப்படிக் குட்டிகள் பிறக்கும் என்றார். விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கிய நானும் நிறத்தைத்தான் பார்த்தேன். ஒரு தடவை கைதட்டிப் பார்க்கவில்லை.

மூன்று வருடம் எங்களோடு இருந்தது. ஒரு நாள் விடியற்காலை தெருவில் பின்னோக்கி வந்த டிராக்டரின் சத்தம் அதற்குக் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். ராஜபாளையம் நாய் பார்டர் காலியைத் தோற்கடிக்குமா என்பது பெரிய கேள்வியில்லை. அது வேறு வேலைக்குப் பிறந்தது. ஆனால் ஓட்டம், காது, சொல் கேட்கும் புத்தி இவற்றைச் சோதிக்க நம் ஊரிலும் ஒரு மைதானம் இருந்தால், குட்டி வாங்குகிறவர் நிறத்தைத் தாண்டியும் பார்ப்பார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், "அடுத்த தடவை நான் வந்து கைதட்டிப் பார்க்கறேன் தாத்தா" என்றான்.