மூன்று கொள்ளைகளும் ஒரு துப்பாக்கியும்: ஆன்டனி ரே ஹின்டன் வழக்கில் நிரூபிக்கப்படாத தொடர்பு

1985 பிப்ரவரியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில், வியாபாரம் முடிந்து கதவடைத்த ஓர் உணவகத்தில் கொள்ளை நடந்தது. அதன் மேலாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலையில் இன்னோர் உணவகம், அதே பாணியில் கொள்ளை, இன்னொரு மேலாளர் கொலை. அந்த மாதம் முடிவதற்குள் மூன்றாவது உணவகம். அங்கே சுடப்பட்ட மேலாளர் பிழைத்துக்கொண்டார். மூன்று இடங்களிலும் இரண்டிரண்டு .38 காலிபர் தோட்டாக்கள் சுடப்பட்டிருந்தன. ஆறையும் காவல்துறை கைப்பற்றியது. பிழைத்த மேலாளர் காவலர்கள் காட்டிய புகைப்படங்களிலிருந்து ஒருவரை அடையாளம் காட்டினார். அவர் ஆன்டனி ரே ஹின்டன், 29 வயதுக் கறுப்பினத் தொழிலாளி. அவர் தாயோடு வாழ்ந்த வீட்டில் தாய்க்குச் சொந்தமான ஒரு பழைய ரிவால்வர் கிடைத்தது. 1986இல் இரு கொலைகளுக்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 3 அன்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், அவர் விடுதலையானார்.

இவ்வழக்கு பெரும்பாலும் இரண்டு விதமாகப் பேசப்படுகிறது: வழக்கறிஞரின் அறியாமையால் நேர்ந்த அநீதி என்று; ஏழைக் கறுப்பினத்தவரை நீதி அமைப்பு கைவிட்டதற்குச் சான்று என்று. இரண்டும் உண்மை. ஆயினும் இவ்விரு விளக்கங்களுக்கும் அடியில் சட்டவியல் நோக்கில் இன்னும் ஆழமான பிழை ஒன்று கிடக்கிறது. மூன்று கொள்ளைகளையும் செய்தவன் ஒருவனே என்பது இவ்வழக்கில் நிரூபிக்கப்பட வேண்டிய பொருளாக இருந்தது. அது நிரூபணத்துக்கான கருவியாக மாற்றப்பட்டது. அப்படி மாற்ற உதவியது தோட்டாக்களைப் பற்றிய நிபுணர் கருத்து ஒன்றுதான். அந்தக் கருத்து விழுந்தபோது விழுந்தது ஒரு சாட்சியம் மட்டுமன்று. ‘தொடர் கொள்ளை’ என்ற கட்டுமானம் முழுவதுமே விழுந்தது. இதை எந்த நீதிமன்றமும் இந்தச் சொற்களில் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

அரசுத் தரப்பின் வாதம் எப்படி நகர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹின்டன் மீது இரு கொலைக் குற்றச்சாட்டுகள் மட்டுமே பதிவாயின. மூன்றாவது கொள்ளைக்காக அவர் மீது குற்றச்சாட்டே இல்லை. ஆனால் விசாரணையின் மையமாக இருந்தது அந்த மூன்றாவது கொள்ளைதான். பிழைத்த மேலாளர் ஹின்டனை நேரில் அடையாளம் காட்டினார். வேறு இருவரின் சாட்சியமும் ஹின்டனை அந்தக் கொள்ளையோடு ஓரளவு இணைத்தது. அடுத்து, மூன்று கொள்ளைகளும் ஒன்றுபோல் இருப்பதையும், ஆறு தோட்டாக்களும் ஹின்டன் வீட்டுத் துப்பாக்கியிலிருந்தே வந்தவை என்ற நிபுணர் கருத்தையும் காட்டி, மூன்றாவதைச் செய்தவரே முதல் இரண்டையும் செய்தார் என்று ஜூரியிடம் வாதிடப்பட்டது. முதல் இரு இடங்களில் கைரேகை இல்லை, நேரில் பார்த்தவர் இல்லை. ஹின்டனின் வீட்டிலோ காரிலோ அவரைக் குற்றத்தோடு இணைக்கும் வேறெதுவும் இல்லை. அவரை இரு கொலைகளோடு இணைத்த ஒரே சான்று தோட்டா ஒப்பீடுதான் என்று அலபாமா உச்ச நீதிமன்றமே பின்னர் எழுதியது.

குற்றம் சாட்டப்படாத ஒரு செயலை, குற்றம் சாட்டப்பட்ட செயலுக்குச் சான்றாக வைப்பது புதிதன்று. 1893இல் பிரிவி கவுன்சில் தீர்த்த மேக்கின் வழக்கு முதல் இது ஆங்கிலேயச் சட்ட மரபில் நிலைபெற்ற வழி. இதன் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1915இல் லண்டனில் நடந்த ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் வழக்கு. அவர் மணந்த மூன்று பெண்கள் அடுத்தடுத்துக் குளியல் தொட்டியில் இறந்தனர். ஒரு கொலைக்காகவே விசாரணை நடந்தது. மற்ற இரு மரணங்களும் சான்றாக ஏற்கப்பட்டன. ஒருவரின் மனைவியர் மூவர் அதே வகையில் தற்செயலாக இறப்பது நம்பத்தக்கதா என்பதே கேள்வி. இந்தத் தர்க்கம் அங்கே வலுவாக நின்றதற்குக் காரணம் உண்டு. மூன்று பெண்களும் இறந்தபோது அவர்களுடைய கணவராக உடன் வாழ்ந்தவர் ஸ்மித் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவரை ஒவ்வொரு மரணத்தோடும் இணைத்த கயிறு, அந்த மரணங்களின் ஒற்றுமைக்கு வெளியே, தனியாக, உறுதியாக இருந்தது. ஒற்றுமை சொன்னது ஒன்றுதான்: இவை விபத்துகள் அல்ல.

ஹின்டன் வழக்கில் நிலை தலைகீழ். நடந்தவை கொலையும் கொள்ளையும்தான் என்பதில் ஐயமே இல்லை. செய்தது யார் என்பது மட்டுமே கேள்வி. முதல் இரு இடங்களில் ஹின்டன் இருந்தார் என்பதற்குத் தனிச் சான்று எதுவுமில்லை. எனவே ஒற்றுமை என்பது இங்கே விபத்தா கொலையா என்று தீர்மானிக்கவில்லை. ஆளையே தீர்மானிக்கப் பயன்பட்டது. அதற்கு அந்த ஒற்றுமை ஒருவனின் கையெழுத்தைப்போல் தனித்தன்மை உடையதாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா? நகரத்து உணவகங்களின் இயல்பே இத்தகைய கொள்ளைக்கு ஒரே வடிவத்தைக் கொடுத்துவிடுகிறது. அன்றைய வசூல் முழுவதும் இரவில் ஓரிடத்தில் சேர்கிறது. கடைசியாகக் கிளம்புபவர் மேலாளர். ஊழியர்கள் போய்விட்டிருப்பார்கள், தெருவும் வெறிச்சோடியிருக்கும். உணவகத்தைக் கொள்ளையடிக்க நினைக்கும் எவனும் இந்த நேரத்தையும் இந்த ஆளையும்தான் தேர்ந்தெடுப்பான். .38 காலிபர் ரிவால்வர் அந்நாளைய அமெரிக்காவில் மிகப் பரவலான ஆயுதங்களுள் ஒன்று. ஆக, மூன்று சம்பவங்களின் ஒற்றுமையில் பெரும்பகுதி தொழிலின் இயல்பால் வந்தது; ஒரே ஆள் என்பதற்கு அது மிகக் குறைவான வலுவே தருகிறது.

இந்தக் குறையை நிரப்ப வந்தவை தோட்டாக்கள்.

துப்பாக்கிக் குழலின் உட்புறம் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். தோட்டா அவற்றின் வழியே சுழன்று வெளியேறும்போது அதன் மேல் கீறல்கள் பதிகின்றன. பள்ளங்களின் எண்ணிக்கை, அகலம், சுழற்சித் திசை ஆகியவை ஒரு தயாரிப்பு வகைக்கே பொதுவானவை. ஒரு துப்பாக்கியை அதே வகையைச் சேர்ந்த மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதாகச் சொல்லப்படுபவை அவற்றைவிட நுண்ணிய கீறல்கள். ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இரு தோட்டாக்களைப் அருகருகே வைத்து, கீறல்கள் போதிய அளவு ஒத்துப்போகின்றனவா என்று பரிசோதகர் பார்க்கிறார். ‘போதிய அளவு’ எவ்வளவு என்பதற்கு எண் வரையறை கிடையாது. அது பரிசோதகரின் பயிற்சியும் அனுபவமும் சொல்லும் தீர்ப்பு. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வு மன்றம் 2009இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் குறையைத் திறந்து சொன்னது. குடியரசுத் தலைவருக்கான அறிவியல் ஆலோசனைக் குழு 2016இல், இத்துறையின் நம்பகத்தன்மையை முறையாகச் சோதித்த ஆய்வு அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்று கண்டது. 1986இன் ஜூரிக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அவர்கள் கேட்டது, அரசின் தடயவியல் துறையைச் சேர்ந்த நிபுணர்கள் ஆறு தோட்டாக்களும் இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தவைதான் என்று உறுதியாகச் சொன்னதை.

இதை மறுக்க எதிர்த்தரப்புக்கு ஒரு நிபுணர் தேவைப்பட்டார். நீதிபதி, தமக்குத் தெரிந்தவரை ஒரு குற்றச்சாட்டுக்கு 500 டாலர் வரை தரலாம் என்று சொல்லி, இரண்டுக்குமாக 1,000 டாலர் அனுமதித்தார். கூடுதலாக வேண்டுமானால் முடியுமா என்று பார்க்கலாம் என்றும் சொன்னார். வழக்கறிஞர் மீண்டும் கேட்கவில்லை. 500 டாலர் உச்சவரம்பு விசாரணைக்கு ஓராண்டுக்கும் முன்பே, 1984இல், நீக்கப்பட்டுவிட்டது; நியாயமான செலவு முழுவதையும் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அது அவருக்குத் தெரியாது. அந்தத் தொகைக்கு வர ஒப்புக்கொண்டவராக ஒரே ஒருவர்தான் கிடைத்தார். அவர் போதுமானவர் அல்லர் என்பது வழக்கறிஞருக்கே தெரிந்திருந்தது. அவருடைய அனுபவம் ராணுவத் தளவாடத் துறையில்.

அந்த நிபுணர் சொன்னவை கவனத்துக்குரியவை. குழலின் உட்புறம் அரித்துப்போயிருப்பதால் எந்தத் தோட்டாவும் இந்தத் துப்பாக்கியினுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மூன்று இடங்களிலும் கிடைத்த தோட்டாக்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றும் சொன்னார். ஆனால் குறுக்கு விசாரணையில் அவர் உடைக்கப்பட்டார். கடந்த எட்டு ஆண்டுகளில் இத்தகைய சாட்சியம் இரண்டே முறை சொல்லியிருப்பதாகவும், அரசின் ஆய்வகத்து நுண்ணோக்கியைக் கையாள்வதில் சிரமப்பட்டு அரசு நிபுணரிடமே உதவி கேட்டதாகவும் அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கடைசியில் அரசு வழக்கறிஞர் அவருக்கு எத்தனை கண்கள் என்று கேட்டார். ஒன்று என்றார் அவர். ஜூரியின் முன் அவருடைய கருத்து அத்துடன் முடிந்தது. அந்தக் கேள்வி தோட்டாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதை அங்கே எடுத்துச் சொல்ல யாருமில்லை.

மூன்றாவது கொள்ளை நடந்த நேரத்தில் தாம் ஒரு கிடங்கில் இரவு வேலையில் இருந்ததாக ஹின்டன் சொன்னார். அதற்குச் சாட்சிகளையும் நிறுத்தினார். நேரில் பார்த்தவர் தவறாக அடையாளம் காட்டியிருக்கிறார் என்பதே அவர் தரப்பு. மூன்றாவது கொள்ளையைத் தனியாக எடுத்து விசாரித்திருந்தால், ஒரு பக்கம் அடையாளச் சாட்சியும் மறு பக்கம் கிடங்கு ஊழியர்களும் நின்றிருப்பார்கள். ஜூரி அந்த முரணோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டியிருக்க வேண்டும். ஆனால் தோட்டாக்கள் வந்ததும் கிடங்குச் சாட்சிகளின் எடை குறைந்தது. துப்பாக்கி அவர் வீட்டில் இருந்தது என்றால், அவர் கிடங்கில் இருந்தார் என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் அல்லது தவறுகிறார்கள் என்றாகிவிட்டது. மறுபுறம், அடையாளச் சாட்சி இருப்பதால் தோட்டாக் கருத்தும் கூடுதல் நம்பகத்தன்மை பெற்றது. இரண்டும் தனித்தனியே உறுதிப்படாமல் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. ஒன்றின் குறையை மற்றது மறைத்தது.

மூன்றாவது கொள்ளை குற்றச்சாட்டாகாமல் சான்றாக மட்டும் நின்றதன் விளைவு இதில்தான் தெரிகிறது. ஹின்டன் அதைச் செய்தாரா என்ற கேள்விக்கு ஜூரி தனியே விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டரசு நீதிமன்றங்களுக்காக 1988இல் ஹடில்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விதியின்படி, இப்படிச் சான்றாக வரும் வேறொரு செயலை ஜூரி ‘நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்று கருத இடமிருந்தாலே போதும். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கொலைகள், அதைவிடத் தாழ்ந்த அளவுகோலில் ஏற்கப்படக்கூடிய ஒரு செயலின் மேல் நிற்கலாம் என்பது இதன் பொருள். அரசுக்கு வேறு சான்றுகள் நிறைய இருக்கும் வழக்கில் இது பெரிய தீங்கு செய்யாது. முழுப் பாரத்தையும் அதுவே தாங்கும் வழக்கில், மரண தண்டனை வழக்கில், இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேல்முறையீட்டை எடுத்துக்கொண்ட, வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சனின் ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு மூன்று புதிய நிபுணர்களை முன்னிறுத்தியது. ஒருவர் எஃப்.பி.ஐ. தலைமையகத்தின் துப்பாக்கித் தடயப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். மற்ற இருவரும் டாலஸ் கவுன்டி ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றி, நூற்றுக்கணக்கான வழக்குகளில் சாட்சியம் சொன்னவர்கள். ஆறு தோட்டாக்களில் ஒன்றைக்கூட இந்தத் துப்பாக்கியோடு இணைக்க முடியவில்லை என்று மூவரும் கூறினர். அரசு மறுப்புச் சான்று எதையும் தரவில்லை. எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று காட்டுமாறு புதிய நிபுணர்களுள் ஒருவர் தொழில்முறை நெறிப்படி கேட்டபோது, அரசு நிபுணர் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகும் அலபாமா நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தது வேறொன்றை: 1986இல் வந்த எதிர்த்தரப்பு நிபுணர் ‘தகுதி உடையவரா’ என்பதை. சாதாரணச் சாட்சியைவிடக் கூடுதல் அறிவு இருந்தால் போதும் என்ற பழைய விதியின்படி அவர் தகுதியானவரே என்று முடிவாயிற்று.

2014 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த நிலையை மாற்றியது. கூடுதல் நிதி கேட்கச் சட்டம் இடம் தந்ததை அறியாமல் விட்டதே வழக்கறிஞரின் குறை என்று, வழக்கறிஞரின் பணிக்குறையை அளக்கும் 1984இன் ஸ்ட்ரிக்லண்ட் வழக்கின் அளவுகோலின்படி தீர்மானித்தது. தீர்ப்பு சரியானது, ஹின்டனின் உயிரைக் காத்தது. ஆனால் அதன் அடித்தளம் எவ்வளவு ஒடுக்கமானது என்பதைக் கவலையோடு பார்க்க வேண்டும். போதிய திறமையில்லாத நிபுணரை அமர்த்தியது குறையன்று என்று நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. சட்டத்தை அறியாததே குறை. அப்படியானால், 500 டாலர் உச்சவரம்பு 1984இல் நீக்கப்படாமல் இருந்திருந்தால்? அதே நிபுணர், அதே குறுக்கு விசாரணை, அதே தோட்டாக்கள், அதே நிரபராதி. வழக்கறிஞர் மீது பிழை சொல்ல இடமிருந்திருக்காது. இந்தத் தீர்ப்பும் ஹின்டனுக்கு உதவியிருக்காது.

உச்ச நீதிமன்றம் தன் முன் வந்த கேள்விக்கு மட்டுமே விடை சொல்ல வேண்டியிருந்தது என்று ஒருவர் வாதிடலாம். அது நியாயமான வாதம். நீதிமன்றங்கள் குறுகிய வழியில் தீர்ப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் குறுகிய வழி, தொடர் குற்ற வழக்குகளில் எழும் மூலக் கேள்வியைத் தொடாமல் விட்டது. ஆறு தோட்டாக்களும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவை என்பதே உறுதியில்லை என்றால், ஹின்டன் செய்யவில்லை என்பதோடு அது நிற்காது. மூன்று கொள்ளைகளையும் ஒருவனே செய்தான் என்பதற்கும் அப்போது சான்றில்லை. இருவர் செய்திருக்கலாம், மூவர் செய்திருக்கலாம். அரசு முப்பது ஆண்டுகளாக, செய்தவன் ஒரே ஆள் என்றும், அந்த ஆள் பிடிபட்டுவிட்டான் என்றும் நம்பியிருந்தது. கொல்லப்பட்ட இரு மேலாளர்களின் வழக்குகளிலும் வேறு வழியில் விசாரிக்க வேண்டிய தேவையே அதனால் உணரப்படவில்லை.

ஆகவே நடைமுறையில் வேண்டியது இது: பல சம்பவங்களை ஒரே ஆளின் செயலாக வைத்து அரசு வழக்காடும்போது, அந்த இணைப்பை முதலில் தனிக் கேள்வியாக எடுத்து, ஒவ்வொரு சம்பவத்திலும் குற்றம் சாட்டப்பட்டவரைக் காட்டும் சான்று எது, மற்ற சம்பவங்களை மூடிவைத்தால் அது எவ்வளவு தாங்கும் என்று நீதிபதி கேட்க வேண்டும். ஒரே ஒரு தடயவியல் கருத்துதான் எல்லாவற்றையும் இணைக்கிறது என்றால், குறிப்பேடுகளும் புகைப்படங்களும் எதிர்த்தரப்புக்கு முழுமையாகத் தரப்பட வேண்டும். சுதந்திரமான மறுபரிசோதனைக்கான செலவை அரசே ஏற்க வேண்டும். 2015இல், பர்மிங்காம் அமைந்துள்ள ஜெஃபர்சன் கவுன்டியின் அரசு வழக்கறிஞர் அலுவலகம் தோட்டாக்களை மறுபடி பரிசோதிக்கச் செய்தது. அவற்றை அந்தத் துப்பாக்கியோடு இணைக்க முடியவில்லை, குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அந்தப் பரிசோதனையை 1986இலேயே செய்யத் துப்பாக்கியும் தோட்டாக்களும் நுண்ணோக்கியும் இருந்தன.