நாச்சோத் தட்டில் எங்கட சோளன்

போன மாதம் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, வாவிக்கரையில் ஒரு சின்னக் கூடல். புத்தகம் பற்றிப் பேசத்தான் கூடினோம், பேசினதோ ஒரு தட்டைப் பற்றி. சிநேகிதி ஒருத்தி சோளன் மாவையும் கோதுமை மாவையும் சேர்த்துக் குழைத்து, மெல்லிசாக உருட்டி, முக்கோணமாக வெட்டிப் பொரித்து வந்திருந்தாள். அதுக்கு மேல அவித்து மசித்த கௌபி, சின்னச் சின்னதாக வெட்டின தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. துருவின சீஸ். கடைசியாக, சவர் கிரீமுக்குப் பதிலாக எங்கட எருமைத் தயிர். (தயிரை முதலே ஊத்தினால் பொரியல் ஊறிப்போகும். வாவிக் காத்து வேற ஈரம்.)

"எங்கட ஊர்ல சாப்பாடே இல்லையா, அமெரிக்காக்காரன்ட தட்டைத் தூக்கிக்கொண்டு வாறாய்?" என்றான் ஒருத்தன்.

"முதல்ல திண்டு பாரு, மறுகா கதைப்பம்."

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இந்தத் தட்டில் எது யாருடையது?

நாச்சோ என்பது ஒரு ஆளுடைய பேர். மெக்சிகோவின் எல்லையோரப் பட்டணம் பியத்ராஸ் நெக்ராஸ். ரியோ கிராண்டே ஆற்றுக்கு அங்கால டெக்சாசின் ஈகிள் பாஸ். 1943 அளவில், ஆற்றைக் கடந்து வந்த அமெரிக்கப் படையினரின் மனைவிமார் சிலர் அங்கிருந்த விக்டரி கிளப்பில் பசியோடு உட்கார்ந்தார்கள். சமையற்காரரைக் காணவில்லை. பரிமாறுவதற்குப் பொறுப்பாக இருந்த இக்னாசியோ அனாயா குசினிக்குள் போய்க் கையில் அகப்பட்டதை எடுத்தார்: சோளத்தில் செய்த தோர்த்தியா, சீஸ், ஊறப்போட்ட ஹலப்பேன்யோ மிளகாய். இக்னாசியோ என்ற பேரைச் செல்லமாகச் சுருக்கினால் நாச்சோ. அவர் 1975இல் இறந்தார். அடுத்த வருடமே டெக்சாசின் ஆர்லிங்டன் விளையாட்டரங்கில் ஃபிராங்க் லிபர்ட்டோ என்ற வியாபாரி, உருகின நிலையிலேயே நிற்கும் சீஸ் குழம்பை ஊற்றி நாச்சோ விற்கத் தொடங்கினார். உலகம் முழுக்கப் போனது அந்த வியாபாரம்தான்.

இனி எங்கட பக்கம் வருவோம். சோளன், மிளகாய் ரெண்டுமே மெக்சிகோ மண்ணில் மனிதர் பழக்கியெடுத்த பயிர்கள். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல், புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். பத்தே வருடத்தில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. ஆனால் மிளகாய் கோட்டைக்காகக் காத்திருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கேயக் கப்பல்கள் அதை இந்தியக் கரைகளில் இறக்கிவிட்டன. கோட்டை போனாலும் நாக்கில் ரெண்டு விஷயம் மிஞ்சின. ஒன்று உறைப்பு. மற்றது மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் இன்னும் பேசப்படும் போர்த்துக்கேயக் கிரியோல்.

எனக்குப் பிடித்த பகுதி பேர்கள்தான். புதிதாக வந்தவை பழையவற்றின் பேரை எடுத்துக்கொண்டன. மிளகின் பேரில் காய் சேர்ந்து மிளகாய் ஆனது. சிங்களத்தில் இன்னும் மோசம். மிரிஸ் என்பது முதலில் மிளகுதான். அந்தப் பேரை மிளகாய் பிடித்துக்கொண்டதால் பழைய குடியான மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ், ஆகிவிட்டது. சோளமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் சோளம் என்றால் பழைய சிறுமணித் தானியம், இதற்கு மக்காச்சோளம் என்று தனிப்பேர் உண்டு. எங்கட சேனையிலோ சோளன் என்றாலே இதுதான்.

பயிர் வந்தது, பேரும் கிடைத்தது. ஆனால் ஒரு கைப்பக்குவம் கப்பலேறவில்லை. மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில் அவித்து, ஊறவைத்து, கழுவித்தான் அரைப்பார்கள். தோல் கழரும், மா ஒட்டும், முக்கியமாக அதிலுள்ள நயசின் என்ற விற்றமின் உடம்பில் சேரும். இந்த முறை இல்லாமல் சோளத்தையே முழுச் சாப்பாடாக்கிக்கொண்ட வட இத்தாலி ஏழைகளையும், பிறகு அமெரிக்கத் தென்மாநில ஏழைகளையும் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். எங்களைச் சோறும் மீனும் காப்பாற்றியிருக்கும். எங்கட வெற்றிலை வட்டாவில் சுண்ணாம்பு எப்பவும் இருக்கு, சோளனில் மட்டும் அது சேரவில்லை. சிநேகிதியின் மா கோதுமை இல்லாமல் உருண்டு வராததும் அதனால்தான்.

கேள்வி கேட்டவன் தட்டின் அடியில் கிடந்த கௌபியை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். அடுத்த கூடலுக்குச் சோளனைச் சுண்ணாம்புத் தண்ணியில் போட்டுப் பார்ப்பதாகச் சிநேகிதி சொல்லியிருக்கிறாள். சுண்ணாம்பு வாங்கி வருவது அவன் பொறுப்பு.